துயரை மறைக்காத மகாத்மா

பக்தி நெறியில் நிற்கும் அன்பர்கள் பலரது உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நாள்தோறும் ஜபம் செய்கிறோம், பாராயணம் செய்கிறோம், சத்சங்கத்திற்குச் செல்கிறோம். அப்படியிருந்தும் நெருங்கியவர் ஒருவர் மறைந்தால் நெஞ்சு பதைக்கிறது. அவமதிப்பு நேர்ந்தால் கோபம் பொங்குகிறது. எதிர்காலத்தை எண்ணினால் அச்சம் சூழ்கிறது. இத்தனை ஆண்டுகள் செய்த சாதனை வீண்தானா என்று மனம் சோர்ந்து போகிறது. அதை வெளியில் சொல்லவும் நாணமாக இருக்கிறது. ஆன்மிக வாழ்க்கையில் ஈடுபட்டவர் அழலாமா, அஞ்சலாமா என்று பிறர் கேட்பார்களே என்ற தயக்கத்தால், உள்ளே கொந்தளிப்பும் வெளியே புன்னகையுமாக வாழப் பழகிவிடுகிறோம்.

நமது சாஸ்திரங்கள் இத்தகைய ஒளிவுமறைவை நம்மிடம் எதிர்பார்க்கவில்லை. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். வில் கைநழுவ, உடல் நடுங்க, தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட ஒரு வீரனின் துயரத்தை யோகம் என்று நம் முன்னோர் அழைத்தனர். அர்ஜுனன் தன் கலக்கத்தை மறைத்துக்கொண்டு போர் புரிந்திருந்தால் நமக்குக் கீதை கிடைத்திருக்காது. சீதையைப் பிரிந்த ஸ்ரீராமர் மரம் செடிகளிடமெல்லாம் அவளைப் பற்றிக் கேட்டுப் புலம்பியதை வால்மீகி மகரிஷி மறைக்கவில்லை. போரில் வென்ற பிறகு தருமபுத்திரர் ஆறாத் துயரில் மூழ்கியதை வியாசர் சாந்தி பர்வத்தின் தொடக்கத்திலேயே விரிவாகக் கூறுகிறார்.

நமக்கு அண்மைக் காலத்தில் வாழ்ந்து, கீதையைத் தம் அன்றாட வாழ்வின் துணையாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை இந்த நோக்கில் சிந்திப்பது நமக்குப் பயன் தரும். அவர் மகாத்மா காந்தி. அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாக உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் தம்முள் எழுந்த அச்சத்தையும் வெட்கத்தையும் கோபத்தையும் துயரத்தையும் அவர் என்ன செய்தார் என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவரது வாழ்வின் கடைசி 144 நாட்கள் டில்லியில் கழிந்தன. அந்த நாட்களில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள, அவரது இளமையிலிருந்து தொடங்க வேண்டும்.

இருளுக்கு அஞ்சிய சிறுவன்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869, அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் சமஸ்தான திவான். தாய் புத்லிபாய் விரதங்களில் உறுதி மிக்கவர். இவ்வளவு நல்ல சூழ்நிலையில் வளர்ந்த மோகன்தாஸ் ஒரு பயந்த பிள்ளை. திருடர், பேய், பாம்பு ஆகியவை பற்றிய எண்ணம் இரவு நேரங்களில் அவரை வாட்டியது. விளக்கில்லாமல் அவரால் உறங்க முடியாது. வீட்டிலிருந்த ரம்பா என்ற பணிப்பெண், பயம் வரும்போதெல்லாம் ராம நாமத்தைச் சொல்லுமாறு அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். பயப்படாதே என்று அவள் அதட்டவில்லை. பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று காட்டினாள். அன்று விதைக்கப்பட்ட அந்த நாமம் அவரது வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

பதினைந்து வயதில் ஒரு சம்பவம் நடந்தது. அண்ணனின் கடனைத் தீர்ப்பதற்காக, அண்ணன் கையில் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு சிறு துண்டை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது. ஆனால் மனம் அமைதியடையவில்லை. தந்தையிடம் வாயால் சொல்லத் துணிவில்லை. அடிக்கு அவர் அஞ்சவில்லை. தந்தையின் மனம் புண்படுமே என்றுதான் அஞ்சினார். இறுதியில் குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். அவரது கண்களிலிருந்து வழிந்த நீர் அந்தத் தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். மகனும் அழுதார். அஹிம்சையின் ஆற்றலைத் தாம் முதன்முதலில் உணர்ந்தது அந்தக் கண்ணீரில்தான் என்று காந்திஜி பிற்காலத்தில் எழுதினார். இந்த நிகழ்ச்சியில் தந்தை, மகன் இருவருமே தம் உள்ளத்தை மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த அனுபவம் இத்தனை இனிமையாக முடியவில்லை. 1885ஆம் ஆண்டில் தந்தையின் நோய் முற்றியது. இரவுதோறும் அவரது கால்களைப் பிடித்துவிடும் பணியை மோகன்தாஸ் செய்துவந்தார். ஓர் இரவு சிற்றப்பா அந்தப் பணியைத் தாம் ஏற்றுக்கொள்ள, மோகன்தாஸ் மனைவியின் அறைக்குச் சென்றார். சில நிமிடங்களுக்குள் தந்தை மறைந்துவிட்டார். கடைசிக் கணத்தில் அருகில் இல்லாமற்போன வெட்கம் அவரை என்றும் விட்டு நீங்கவில்லை.

இவற்றையெல்லாம் நாம் அறிந்திருப்பதற்குக் காரணம் காந்திஜியே இவற்றை எழுதினார் என்பதுதான். 1925 முதல் நவஜீவன் இதழில் வாரந்தோறும் அவரது சுயசரிதை வெளிவந்தது. அப்போது கோடிக்கணக்கானோர் அவரை மகாத்மா என வணங்கிக்கொண்டிருந்தனர். தமது பெருமைக்குக் குறைவு நேருமே என்று அவர் எண்ணவில்லை. சத்தியத்தைச் சோதிக்க விரும்புகிறவன் தன் உள்ளத்தில் உள்ளதைத் திரித்துக் கூறினால் சோதனையே பொய்யாகிவிடும் அல்லவா?

நாவெழாத வழக்கறிஞர்

லண்டனில் சட்டம் பயின்று 1891இல் தாயகம் திரும்பியபோது, தாய் ஏற்கெனவே மறைந்துவிட்ட செய்தி அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அயல்நாட்டில் தனித்திருக்கும்போது அதிர்ச்சி வேண்டாம் என்று அண்ணன் அதைத் தெரிவிக்காமல் இருந்தார். தந்தையின் மறைவைவிட இது அவரை அதிகமாக வாட்டியது. ஆனால் அவர் கதறி அழவில்லை; கண்ணீரை அடக்கிக்கொண்டு அன்றாடப் பணிகளைத் தொடர்ந்தார். துயரத்தை ஏற்றுக்கொள்வது என்றால் உரக்க அழுதே தீர வேண்டும் என்பதில்லை. கண்கள் வறண்டிருந்தாலும், தமக்கு நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதை அவர் தம்மிடமே மறுத்துக்கொள்ளவில்லை. தாயிடம் செய்துகொடுத்த விரதங்களை இறுதிவரை காத்து, அந்த அன்பை வாழ்வாக மாற்றிக்கொண்டார்.

பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் அவருக்கு முதல் வழக்கு கிடைத்தது. எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுற்றியது; நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது; ஒரு கேள்விகூட எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்மால் இயலாது என்று கூறி, பெற்ற கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். போதிய துணிவு வரும்வரை வழக்கு எதையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்.

1893இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். முதல் வகுப்புப் பயணச் சீட்டு இருந்தும், நிறத்தின் காரணமாக பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டார். கடுங்குளிர். மேல்கோட்டு இருந்த பெட்டி நிலைய அதிகாரியிடம் இருந்தது. மீண்டும் அவமதிப்பு நேருமோ என்று அஞ்சி அதைக் கேட்கவும் அவர் தயங்கினார். இருண்ட காத்திருப்பு அறையில் நடுங்கியபடி இரவைக் கழித்தார். உரிமைக்காகப் போராடுவதா, அவமானத்தைப் பொருட்படுத்தாமல் பிரிட்டோரியா செல்வதா, இந்தியாவுக்கே திரும்பிவிடுவதா என்று மனம் அலைந்தது. தமக்கு நேர்ந்த துன்பம், ஆழமாக வேரூன்றிய ஒரு நோயின் அடையாளம் என்று அவர் கண்டபோது வழி தெளிந்தது. காயத்தை மறைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் அந்தத் தெளிவு பிறந்திருக்காது.

அடுத்த ஆண்டு டர்பனில், பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவரது அலுவலகத்திற்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலிருந்து இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். தலைப்பாகையை எடுத்துவிட்டு நிற்க வேண்டிய அவமானத்தின் பொருள் காந்திஜிக்கு உடனே விளங்கியது. அதைக் கட்டிக்கொள்ளுமாறு முதலில் அவரிடம் கூறினார். பிறகே வழக்கைப் பற்றிக் கேட்டார். தன் அவமானத்தை நேருக்கு நேர் பார்த்தவனுக்குத்தான் பிறரின் அவமானம் கண்ணில் படுகிறது.

கதவருகே நின்ற கோபம்

அச்சத்தையும் வெட்கத்தையும்விட ஒப்புக்கொள்ளக் கடினமானது கோபம். 1898இல் டர்பன் இல்லத்தில் அவரது அலுவலக எழுத்தர்கள் சிலர் உடன் தங்கியிருந்தனர். இரவில் அறைகளில் வைக்கப்படும் பாத்திரங்களைச் சுத்தம் செய்வது காந்திஜி, கஸ்தூரிபா இருவரின் பணி. தீண்டப்படாதோராகக் கருதப்பட்ட குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஓர் எழுத்தரின் பாத்திரத்தை எடுத்துச் செல்ல நேர்ந்தபோது, கஸ்தூரிபா கண்ணீருடன் எடுத்துச் சென்றார். மகிழ்ச்சியுடன் செய்ய வேண்டும் என்று காந்திஜி கடிந்துகொண்டார். வாக்குவாதம் முற்றியது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, வாயிற்கதவைத் திறந்து வெளியே தள்ள முற்பட்டார். அயல்நாட்டில் தமக்கு வேறு யார் இருக்கிறார்கள், இப்படிச் செய்ய வெட்கமில்லையா என்று அந்த அம்மையார் கேட்டார். காந்திஜி தலைகுனிந்து கதவை மூடினார்.

தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பது உயர்ந்த கொள்கை. அந்தக் கொள்கையின் போர்வையில் தம் ஆணவமும் கோபமும் புகுந்துகொண்டதை அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் உலகறிய எழுதினார். நியாயமான காரணத்திற்காகவே கோபப்பட்டேன் என்று கூறித் தப்பித்துக்கொள்ளும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் அதை நாடவில்லை.

குடும்ப வாழ்வில் அவர் எல்லாவற்றிலும் வெற்றி பெற்றார் என்று கூற முடியாது. மூத்த மகன் ஹரிலால் தந்தையிடமிருந்து விலகிச் சென்றது அவருக்கு ஆறாத புண்ணாக இருந்தது. மகனிடம் தோன்றிய குறைகள் தமது இளமைக் கால வாழ்வின் எதிரொலி என்று அவர் எழுதினார். அந்த ஒப்புதலால் மகன் திரும்பி வந்துவிடவில்லை. உணர்ச்சியை உள்ளபடி ஏற்பது எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிடும் என்ற பொய்யான நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

தமிழ் மண்ணில்

தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, சிறையிலேயே கடுங்காய்ச்சலுக்கு ஆளாகி, விடுதலையான சில நாட்களில் 1914, பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் மறைந்தார். நோயால் மெலிந்து கிடந்த அந்தப் பெண்ணைக் காண வந்த காந்திஜி, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். மீண்டும் செல்லத் தயார் என்றே அவள் பதிலளித்தாள். அந்தச் சிறுமியின் மரணம் அவரை ஆழமாகப் பாதித்தது. இந்தியா திரும்பிய பின் 1915இல் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது தில்லையாடிக்கே சென்றார்.

1921, செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்கவும் வசதியற்ற ஏழை மக்களின் நிலை பல நாட்களாகவே அவரை உறுத்தியது. அந்த உறுத்தலை ஓர் உரையாகப் பேசிவிட்டுக் கடந்து செல்லவில்லை. இறுதிநாள்வரை உடலில் தாங்கினார். உள்ளத்தில் எழும் வேதனையைச் செயலாக மாற்றுவது அவருக்கு இயல்பாகிவிட்டது.

ஆகாகான் மாளிகையில் இரண்டு சமாதிகள்

1942 ஆகஸ்டு 9 அன்று காந்திஜி கைது செய்யப்பட்டு, புனே ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டார். ஆறு நாட்களில், ஆகஸ்டு 15 அன்று, இருபத்தைந்து ஆண்டுகளாக அவரது செயலராக, மகனாக விளங்கிய மகாதேவ தேசாய் திடீரென்று மறைந்தார். அந்த உடலைக் காந்திஜியே தம் கைகளால் நீராட்டினார். அதன்பின் நாள்தோறும் மலர்களுடன் அந்தச் சமாதிக்குச் சென்றுவந்தார்.

1944, பிப்ரவரி 22 அன்று, வள்ளியம்மை மறைந்த அதே தேதியில், கஸ்தூரிபா அதே மாளிகையில் கணவரின் மடியில் உயிர் நீத்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இல்லறம். சிதை எரிந்து முடியும்வரை காந்திஜி அங்கிருந்து அகலவில்லை. அரசப் பிரதிநிதி வேவல் பிரபு அனுப்பிய அனுதாபக் கடிதத்திற்கு எழுதிய பதிலில், மனைவிக்கு நோயிலிருந்து கிடைத்த விடுதலையை வரவேற்பதாகக் கூறிய காந்திஜி, இந்த இழப்பு தாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தம்மை வருத்துவதாகவும் எழுதினார். தம்மைச் சிறை வைத்திருந்த ஆட்சியின் தலைவருக்கு எழுதிய கடிதம் அது. எதிர்த்தரப்பினரிடம் கலங்காத முகத்தைக் காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்திதப்பிரஜ்ஞனின் இலக்கணம் கூறும் சுலோகங்கள் அவரது மாலைப் பிரார்த்தனையில் நாள்தோறும் ஓதப்பட்டன. கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து, 1929இல் இமயமலைச் சாரலிலுள்ள கௌசானியில் அதற்கு முன்னுரை எழுதியவர் அவர். துன்பத்தில் கலங்காதவனைப் பற்றி நாள்தோறும் ஓதிய ஒருவரே, தாம் துன்புறுவதை வெளிப்படையாகக் கூறினார். இது முரண்பாடா? அவரது டில்லி நாட்கள் இதற்கு விடை தருகின்றன.

தீப்பற்றிய தலைநகரம்

டில்லி அவருக்குப் புதிய ஊரல்ல. 1924இல் இந்து முஸ்லிம் கலவரங்களால் மனம் நொந்து 21 நாள் உண்ணாவிரதம் மேற்கொண்டது டில்லியில்தான். பிற்காலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் உள்ள வால்மீகி கோயிலில் தங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

1947, ஆகஸ்டு 15 அன்று தலைநகரம் விழாக்கோலம் பூண்டிருந்தபோது, காந்திஜி கல்கத்தாவில் உண்ணா நோன்பிருந்து ராட்டை நூற்றார். நாடு பிளவுபட்ட நாளில் மகிழ்ச்சி கொண்டாட அவர் மனம் இடம் தரவில்லை. மகிழ்வதுபோல் காட்டிக்கொள்ளவும் அவர் உடன்படவில்லை. செப்டம்பர் 9 காலை, பஞ்சாப் செல்லும் நோக்கத்துடன் டில்லியை அடைந்தார். ஷாதரா நிலையத்தில் வரவேற்க வந்த சர்தார் படேலின் முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை. நகரில் கொலையும் கொள்ளையும் நடந்துகொண்டிருந்தன. வால்மீகி கோயில் பகுதி அகதிகளால் நிரம்பிவிட்டதால் அவர் பிர்லா மாளிகையில் தங்க வைக்கப்பட்டார். பஞ்சாப் பயணம் நடைபெறவேயில்லை.

மேற்குப் பஞ்சாபிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் கிங்ஸ்வே முதலிய முகாம்களில் குவிந்திருந்தனர். வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட டில்லி முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். 77 வயதுக் கிழவர் ஒவ்வொரு முகாமாகச் சென்றார். பலர் அவர்மீது சீறினர். பெற்ற பிள்ளையைக் கண்முன்னே இழந்தவர்களுக்கு அஹிம்சையைப் பற்றிய பேச்சு எரிகிற புண்ணில் உப்பாக இருந்தது. அவர் அந்தச் சீற்றத்திற்கு எதிர்வாதம் புரியவில்லை. அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்டார். குளிர்காலம் நெருங்கியபோது அகதிகளுக்காகக் கம்பளிகளும் ரஜாய்களும் தருமாறு மாலைக் கூட்டங்களில் வேண்டினார். பனியிலிருந்து ரஜாயைக் காக்கப் பழைய செய்தித்தாள்களை மேலே விரிக்கலாம் என்பதுவரை எடுத்துக் கூறினார்.

பிர்லா மாளிகைப் புல்வெளியில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பிரார்த்தனை நடைபெற்றது. குர்ஆன் வாசகங்கள் ஓதப்படுவதைச் சிலர் எதிர்த்தனர். தம் உறவினரைக் கொன்றவர்களின் வேதம் என்று அவர்கள் கருதினர். அவர்களைக் காவலர் கொண்டு வெளியேற்றவோ, பெரும்பான்மையினரின் விருப்பம் என்று கூறி அடக்கவோ காந்திஜி சம்மதிக்கவில்லை. எதிர்ப்புக்கு மதிப்பளித்துப் பிரார்த்தனையையே நிறுத்திய நாட்களும் உண்டு. ஓதுவதைக் கைவிட அவர் இசையவில்லை. கோபம் கொண்டவர்களை அவமதிக்கவும் இசையவில்லை.

அக்டோபர் 2 வந்தது. சுதந்திர பாரதத்தில் அவரது முதல் பிறந்தநாள். அதுவே கடைசிப் பிறந்தநாளும் ஆயிற்று. வாழ்த்துக்களும் மலர்களும் குவிந்தன. இவற்றைவிட அனுதாபச் செய்திகளே பொருத்தமாக இருக்கும் என்று அவர் அன்று மாலை கூறினார். 125 ஆண்டுகள் வாழ விரும்புவதாக முன்பு சொல்லிவந்தவர், வெறுப்பு சூழ்ந்த இந்நிலையில் அந்த விருப்பம் தம்மிடம் இல்லை என்றும் தெரிவித்தார். தம் சொல்லுக்கு முன்போல் மக்கள் செவிசாய்ப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தேசத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர், தாம் கையறு நிலையில் இருப்பதைப் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது, அவர் மனமுடைந்துவிட்டார் என்று தோன்றலாம். ஆனால் அன்றாடக் கடமைகளில் ஒன்றையும் அவர் விடவில்லை. விடியுமுன் எழுந்து பிரார்த்தனை, ராட்டை, கடிதங்கள், அகதிகளைச் சந்தித்தல் ஆகிய யாவும் தொடர்ந்தன. நவம்பர் 12 தீபாவளியன்று, டில்லி வானொலி நிலையத்திற்குச் சென்று, குருக்ஷேத்திர முகாமிலிருந்த இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட அகதிகளுக்கு ஆறுதல் கூறி உரையாற்றினார். துயரம் உள்ளே இருந்தது, தொண்டும் நடந்தது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

ஆற்றாமையிலிருந்து பிறந்த நோன்பு

டிசம்பரில் வெளிக் கலவரம் ஓரளவு அடங்கியது. காவலர்களின் கட்டுப்பாட்டால் வந்த அமைதி அது. உள்ளங்களில் வெறுப்பு தணியவில்லை. நாங்கள் இங்கே இருக்கலாமா, போய்விட வேண்டுமா என்று முஸ்லிம் நண்பர்கள் நாள்தோறும் வந்து கேட்டனர். காந்திஜியிடம் விடை இல்லை.

1948, ஜனவரி 12 திங்கட்கிழமை. அவருக்கு மௌன நாள். அவர் எழுதிய உரை மாலைக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. வருபவர்களுக்குக் கூற விடையின்றித் தவித்ததையும், அந்த இயலாமை தம்மை அரித்துவந்ததையும் அவர் அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார். மூன்று நாட்கள் சிந்தித்த பிறகு மறுநாள் முதல் உண்ணாவிரதம் என்ற முடிவு பிறந்ததாகவும், அது பிறந்ததும் உள்ளத்தில் மகிழ்ச்சி நிறைந்ததாகவும் தெரிவித்தார். அந்த உரையில் காணும் வரிசையை நாம் கருத வேண்டும். முதலில் இயலாமையை உள்ளபடி காண்கிறார். பிறகு அதனுடன் மௌனமாகத் தங்குகிறார். அதன் பிறகே செயல் பிறக்கிறது. செயலுடன் அமைதியும் வருகிறது.

ஜனவரி 13 அன்று நோன்பு தொடங்கியது. காந்தி சாகட்டும் என்று மாளிகை வாயிலில் முழக்கமிட்டவர்களும் இருந்தனர். சிறுநீரகம் பாதிக்கப்படுவதாக மருத்துவர்கள் எச்சரித்தனர். படிப்படியாக நகரின் மனம் இளகியது. ஜனவரி 18 அன்று, பல சமயங்களையும் அமைப்புகளையும் சார்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் உறுதிமொழியுடன் வந்தனர். மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் தர்காவின் உர்ஸ் வழக்கம்போல் நடைபெறும், ஆக்கிரமிக்கப்பட்ட மசூதிகள் திருப்பித் தரப்படும், முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாடலாம் என அவர்கள் உறுதியளித்தனர். மௌலானா ஆசாத் தந்த பழரசத்தை அருந்திக் காந்திஜி நோன்பை முடித்தார்.

கடைசி நாட்கள்

ஜனவரி 20 அன்று பிரார்த்தனைத் திடலில் குண்டு வெடித்தது. காந்திஜி அமைதியாக இருந்தார். குண்டு வைத்த இளைஞனை வெறுக்க வேண்டாம் என்று மறுநாள் கேட்டுக்கொண்டார். 27ஆம் தேதி மெஹ்ரௌலி உர்ஸுக்குச் சென்றார். கலவரத்தில் உடைக்கப்பட்டிருந்த பளிங்குச் சாளரங்களைக் கண்டு வருந்தினார். அந்த வருத்தத்தையும் அங்கேயே சொன்னார்.

29ஆம் தேதி, பன்னுவிலிருந்து வந்த அகதிகள் அவரைச் சந்தித்தனர். அவர்களில் ஒருவர் சினந்து, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள், இனி இமயமலைக்குப் போய்விடுங்கள் என்ற பொருளில் பேசினார். அன்று மாலை காந்திஜி அதைத் தாமே கூட்டத்தில் எடுத்துரைத்தார். பேசியவர்மீது அவருக்குக் கோபம் இல்லை. துன்பத்தின் கொதிப்பில் வந்த சொற்கள் என்று உணர்ந்திருந்தார். மக்களின் துயரத்திற்கு நடுவிலேயே தமக்குரிய அமைதியைத் தேடப்போவதாகவும், தமது இமயமலை இங்கேயே இருப்பதாகவும் கூறினார்.

மறுநாள், ஜனவரி 30, மாலை 5.17க்கு, பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில் அவர் சுடப்பட்டு உயிர் நீத்தார். அந்த மாளிகை 1973 முதல் நினைவிடமாக விளங்குகிறது. அவர் கடைசியாக நடந்த வழியில் அவரது காலடிகளைக் குறிக்கும் அடையாளங்கள் பதிக்கப்பட்டுள்ளன. டில்லிக்குச் செல்லும் அன்பர்கள் அங்கு சிறிது நேரம் அமர்ந்து தியானிக்கலாம்.

நாம் கற்க வேண்டியது

உணர்ச்சிகளுக்கு முன்னால் மனிதனுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அவற்றுக்கு அடிமையாகி அவை இழுத்த இழுப்புக்குச் செல்வது. டில்லித் தெருக்களில் அன்று வாளேந்தியவர்கள் பலர் இந்த வழியில் சென்றவர்களே. அவர்களது துயரம் உண்மையானது. ஆனால் அது பழிவாங்கும் வெறியாக மாறிவிட்டது. இரண்டாவது வழி, உணர்ச்சியே இல்லாததுபோல் நடிப்பது. வெளியே புலன்களை அடக்கிக்கொண்டு உள்ளே அவற்றையே நினைத்துக்கொண்டிருப்பவனை மித்யாசாரன், அதாவது பொய்யொழுக்கம் உடையவன், என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கூறுகிறது. மறைக்கப்பட்ட துயரம் மறைவதில்லை. அது வீட்டாரிடம் எரிச்சலாகவும், பிறரிடம் கடுமையான தீர்ப்பாகவும், ஜபத்தில் சலிப்பாகவும் வேறு வடிவில் வெளிப்படும்.

மூன்றாவது, காந்திஜி நடந்த வழி. எழுந்த உணர்ச்சியை அதன் பெயர் சொல்லி அறிவது. இறைவன் முன்னிலையில் வைப்பது. அதற்குப் பிறர் காரணம் என்று குற்றம் சாட்டாமல் உரியவர்களிடம் உண்மையைச் சொல்வது. பிறகு செய்ய வேண்டிய கடமையைச் செய்வது. ஸ்திதப்பிரஜ்ஞனுக்குத் துன்பம் வராது என்று கீதை கூறவில்லை. துன்பங்கள் வரும்போது அவனது அறிவு தன் நிலையிலிருந்து பெயர்வதில்லை என்றே கூறுகிறது. அலைகள் எழாத கடல் இல்லை. அலைகள் எழும்போதும் ஆழம் ஆழமாகவே இருக்கிறது. வேதாந்தம் சாட்சி என்று கூறுவது அந்த ஆழத்தைத்தான். துயரைக் காண மறுப்பவன் சாட்சியாக இருக்க முடியாது, காண்பவனே சாட்சி.

எனவே அன்பர்களே, அடுத்த முறை கண்ணீரோ கலக்கமோ வரும்போது, சாதனை வீணாயிற்று என்று மனம் தளர வேண்டாம். பூஜையறையில் நல்ல நிலையிலுள்ள மனத்தை மட்டும் இறைவனுக்குக் காட்ட வேண்டும் என்ற நியதி இல்லை. நடுங்கும் மனத்தையும் அப்படியே அவன் திருவடியில் வைக்கலாம். இருளுக்கு அஞ்சிய ஒரு சிறுவன் அன்று ராம நாமத்தின் துணையுடன் செய்ததும் அதுவே. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில், எரிந்துகொண்டிருந்த டில்லியின் நடுவே அஞ்சாமல் நடந்தான்.